ஃபோகஸ் வளையத்தைத் திருப்பப்போவது யார்? டிஜிட்டல் கேமராவுக்குச் சினிமா லென்ஸ் தேர்ந்தெடுப்பது பற்றி

மதுரைப் பக்கம் ஒரு வீட்டு அடுக்களையில் குறும்படத்துக்காக ஒரு ஷாட் எடுத்துக்கொண்டிருந்தோம். பாட்டி வாசற்படியிலிருந்து அடுப்புவரை நடந்து வருகிறார். கேமராவிலிருந்து ஒன்பது அடியில் தொடங்கி மூன்று அடியில் முடிகிற நடை. கேமரா அசையாது, ஃபோகஸ் மட்டும் அவர் கூடவே வர வேண்டும். மாட்டியிருந்தது புகைப்படத்துக்கான லென்ஸ், நல்ல விலை உள்ளது. வளையத்தின் மேல் வெள்ளை டேப் ஒட்டி ஒன்பதடி, ஐந்தடி, மூன்றடி என்று பென்சிலால் கோடு போட்டோம். ஒத்திகையில் அத்தனையும் சரியாக விழுந்தது. டேக் போனபோது பாட்டி சற்று வேகமாக நடந்தார், உதவியாளர் தம்பியும் வளையத்தைச் சற்று வேகமாகத் திருப்பினான். அவன் நிறுத்திய இடம் மூன்றடிக் கோட்டின் மேல் துல்லியமாக நின்றது. திரையில் பாட்டியின் முகம் மங்கலாக இருந்தது. அடுப்பின் இந்தப் பக்க விளிம்பில் கிடந்த தீப்பெட்டி பளிச்சென்று தெரிந்தது.

தம்பிமேல் தப்பே இல்லை. அந்த லென்ஸில் வளையத்துக்கும் உள்ளே நகரும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வளையம் எவ்வளவு சுற்றியது, எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்று ஒரு சென்சார் பார்த்து, உள்ளே இருக்கும் சின்ன மோட்டாருக்குச் சொல்கிறது. மெல்லத் திருப்பினால் கொஞ்சம் நகரும். வெடுக்கென்று திருப்பினால், அதே கோணத்துக்குள் நிறைய நகர்ந்துவிடும். புகைப்படம் எடுப்பவருக்கு இது நல்ல வசதி. கோடு போட்டு வேலை செய்கிறவருக்கு அந்தக் கோடு ஒவ்வொரு டேக்கிலும் வேறு தூரத்தைக் காட்டும். பதினோரு டேக் போனோம். பாட்டிக்குக் கால் வலித்தது.

லென்ஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் கூர்மை, பின்னணி மங்கல், நிறம் என்றே போகிறது. அவையெல்லாம் முக்கியம்தான். ஆனால் புகைப்பட லென்ஸிலிருந்து சினிமா லென்ஸைப் பிரித்துக் காட்டுவது முதலில் அதன் இயந்திர வேலைப்பாடு. இதற்கு நல்ல சாட்சி ஸைஸ் நிறுவனத்தின் சி.பி.2 வரிசை. அதில் பல லென்ஸ்களின் உள்ளே இருந்தது, அதே நிறுவனம் புகைப்படக்காரர்களுக்கு விற்றுவந்த லென்ஸ்களின் கண்ணாடி அமைப்புதான். சிக்மாவும் தன்னுடைய ஆர்ட் வரிசைப் புகைப்பட லென்ஸ்களின் கண்ணாடியை எடுத்து, 2016-இல் சினிமா வரிசையாக வேறு கூட்டில் கொண்டுவந்தது. கூடுதல் விலை எதற்குப் போகிறது என்று இவற்றை வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும். அந்தக் கூட்டுக்கும், வளையங்களுக்கும், அளவுக்கோடுகளுக்கும்தான் போகிறது.

ஆகவே நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: ஃபோகஸ் வளையத்தைத் திருப்பப்போவது யார்?

தனியாக ஓர் ஆள், கையில் கேமராவோடு கல்யாண மண்டபத்திலோ பேட்டியிலோ நின்று எடுக்கிறார் என்றால், சினிமா லென்ஸ் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். இன்றைய கேமராக்களில் கண்ணைத் தேடிப் பிடித்துத் தொடரும் ஆட்டோஃபோகஸ் வெகுவாக முன்னேறிவிட்டது. சினிமா லென்ஸ்களில் பெரும்பாலானவற்றில் ஆட்டோஃபோகஸே இல்லை. ஃபிரேம், ஒலி, வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கும் இடத்தில், கையால் ஃபோகஸ் திருப்பச் சொல்வது அவருக்குச் செய்யும் கொடுமை. நல்ல ஆட்டோஃபோகஸ் லென்ஸ் இரண்டு வாங்கி, மிச்சப் பணத்தை மைக்குக்கும் விளக்குக்கும் போடலாம்.

ஃபோகஸுக்கென்று தனி ஆள் இருக்கிறார், நடிகர்கள் நின்று நடந்து திரும்பி நடிக்கிறார்கள், ஒரே ஷாட் ஏழெட்டு டேக் போகும் என்றால் கதை வேறு. அங்கே லென்ஸ் என்பது அந்த ஃபோகஸ் புல்லர் வேலை செய்யும் கருவி. அவர் எவ்வளவு குறுகலான இடத்தில் வேலை செய்கிறார் என்பதற்கு ஒரு கணக்கு. சினிமாவில் பரவலாகப் பயன்படும் அளவான சூப்பர் 35 சென்சாரில் 85 மி.மீ. லென்ஸ் வைத்து, டி 1.5-இல் (லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் விடுகிறது என்று காட்டும் எண், பின்னால் விளக்குகிறேன்), ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் முகத்தைக் குளோசப் எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய இரண்டேகால் சென்டிமீட்டர். கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். நடிகர் மூச்சு இழுத்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே தப்பிப்போகும். புகைப்பட லென்ஸ்கள் பலவற்றில் மிக அருகிலிருந்து முடிவிலிவரை முழுத் தூரமும் கால் சுற்றுக்குள் அடங்கிவிடும். மூன்றடிக்கும் நான்கடிக்கும் நடுவே விரல் அசைய இடமே இராது. சினிமா லென்ஸில் அதே தூரம் 270, 300 பாகைவரை விரிந்திருக்கும். கேனானின் சி.என்-ஈ பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்களில் 300 பாகை. அடிக்கு அடி, சில இடங்களில் அங்குலத்துக்கு அங்குலம், தனித்தனிக் கோடு போட அங்கே இடம் இருக்கிறது. இரண்டு முனையிலும் வளையம் கெட்டியாக முட்டி நிற்கும். எத்தனை தரம், எந்த வேகத்தில் திருப்பினாலும் ஒரு கோட்டுக்கு ஒரே தூரம்தான்.

வளையத்தைச் சுற்றிப் பற்கள் வெட்டியிருப்பார்கள். பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி 0.8 மாட்யூல் என்பது தொழிலில் நிலைபெற்ற அளவு. அதனால் எந்த ஃபாலோ ஃபோகஸும் (வளையத்தைத் திருப்பும் பல்சக்கரக் கருவி), எந்த வயர்லெஸ் மோட்டாரும் நேராக வந்து உட்காரும். ஒரே வரிசையில் உள்ள லென்ஸ்களில் இந்தப் பற்கள் கூடியமட்டும் ஒரே இடத்தில் இருக்கும், முன்பக்க விட்டமும் ஒன்றாக இருக்கும். ஸைஸ் சி.பி.3 வரிசை முழுவதும் 95 மி.மீ. முன்விட்டம். 35 மி.மீ. லென்ஸைக் கழற்றி 50-ஐ மாட்டும்போது, முன்னால் வேண்டாத வெளிச்சத்தை மறைக்கும் மேட் பாக்ஸையும் மோட்டாரையும் நகர்த்தத் தேவையில்லை என்றால், ஒவ்வொரு மாற்றத்திலும் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சும். ஒரு நாளில் இருபது முப்பது தடவை லென்ஸ் மாற்றுகிற படப்பிடிப்பில் அது எவ்வளவு நேரம் என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

டி எண்ணைப் பற்றியும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், இதில் குழப்பம் நிறைய. எஃப் எண் என்பது வெறும் வடிவக் கணக்கு: குவியத் தூரத்தை, லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. கண்ணாடி எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குகிறது என்பது அதில் வராது. பத்துப் பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகளைத் தாண்டி வரும் ஒளியில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். உண்மையில் சென்சாரை அடையும் வெளிச்சத்தை அளந்து எழுதுவதுதான் டி எண். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று நூற்றுக்கு எண்பது பங்கு ஒளியை விடுகிறது என்றால் அதன் டி எண் 2. ஒரே காட்சியை 35-இல் ஒன்று, 85-இல் ஒன்று என எடுத்து வெட்டி ஒட்டும்போது, எஃப் எண் ஒன்றாக இருந்தாலும் ஒரு ஷாட் மற்றதைவிட இருட்டாகத் தெரிவது இதனால்தான். பல புகைப்பட லென்ஸ்களில் துளை கடகடவென்று படிப்படியாக நகரும். வீட்டுக்குள்ளிருந்து வெயிலுக்கு வரும் ஷாட்டில் அந்தப் படிகள் திரையில் குதிப்பாகத் தெரியும். சினிமா லென்ஸில் துளை வளையம் வழுக்கிக்கொண்டு போகும்.

இன்னொன்று, ஃபோகஸ் மாறும்போது படமே லேசாகப் பெரிதாகிச் சிறிதாகும் வழக்கம். மூச்சு விடுவதுபோல இருப்பதால் பிரீதிங் என்கிறார்கள். முன்னால் இருக்கும் அம்மாவிடமிருந்து பின்னால் கதவருகே நிற்கும் மகனுக்கு ஃபோகஸ் போகும்போது, கதவின் சட்டம் ஃபிரேமுக்குள் நகர்ந்து வந்தால் பார்ப்பவர் கண் அந்த அசைவின் பின்னால் போய்விடும். நல்ல சினிமா லென்ஸ்களில் இது வெகுவாக அடக்கப்பட்டிருக்கும். சிறிய சென்சார் கேமராவில் கைபேசித் திரைக்காக எடுப்பவர் இதற்காக அதிகம் கவலைப்பட வேண்டாம்.

இனி மவுண்ட், அதாவது லென்ஸைக் கேமராவில் பூட்டும் இடம். என் அனுபவத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். லென்ஸ் வந்து உட்காரும் தளத்திலிருந்து சென்சார்வரை உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் ஒவ்வொன்று. ஆர்ரி நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த பி.எல். மவுண்டில் அது 52 மி.மீ. கேனான் ஈ.எஃப். 44, நிக்கான் எஃப் 46.5, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25, கேனான் ஆர்.எஃப். 20, சோனி ஈ 18, நிக்கான் இஸட் 16. பெரிய கேமராக்களுக்காக ஆர்ரி 2018-இல் கொண்டுவந்த எல்.பி.எல். மவுண்டில் 44. விதி எளிது: தூரம் குறைந்த கேமராவில், தூரம் கூடிய லென்ஸை நடுவில் அடாப்டர் வைத்து மாட்டலாம், மறுதலையாக முடியாது. சோனி ஈ உள்ளவர் பி.எல். லென்ஸ் வாடகைக்கு எடுத்தால் நடுவே 34 மி.மீ. நீள அடாப்டர் தாராளமாக உட்காரும். பழைய ஈ.எஃப். மவுண்ட் கேமரா வைத்திருப்பவருக்குக் கிடைப்பது எட்டே மி.மீ.; அதற்குள் பி.எல். லென்ஸின் பின்கழுத்தையும் பூட்டையும் அடக்குவது பெரும்பாடு. ஆனால் ஈ.எஃப். மவுண்ட் லென்ஸ் வாங்கி வைத்தவர், கேமரா மாறினாலும் அடாப்டரோடு சோனியிலும் ஆர்.எஃப்.-இலும் ஓட்டுவார். சோனி ஈ மவுண்டில் மட்டும் வரும் லென்ஸ் வாங்கினால், அநேகமாக அந்தக் குடும்பத்திலேயே காலம் தள்ள வேண்டும். மவுண்டைக் கழற்றி வேறு மவுண்ட் பொருத்தும்படி செய்த லென்ஸ்கள் உண்டு; சி.பி.2, சி.பி.3 அப்படிப்பட்டவை. சொந்தமாக வாங்குகிறவர் இந்த வசதிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். கேமராவை நான்கைந்து வருடத்தில் மாற்றுவோம், லென்ஸ் இருபது வருடம் இருக்கும்.

இந்த 52 மி.மீ. என்பதை எவ்வளவு துல்லியமாகக் காக்க வேண்டும்? 18 மி.மீ. லென்ஸ் ஒன்று. அடாப்டரோ மவுண்டோ வெறும் 0.02 மி.மீ. கூடிப்போயிற்று என்று வைத்துக்கொள்வோம். தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு கனம்கூட இல்லை. வளையத்தை முடிவிலியில் வைத்தால், ஃபோகஸ் உண்மையில் விழுவது சுமார் பதினாறு மீட்டரில். வளையத்தின் கோட்டுக்கும் உண்மையான தூரத்துக்கும் ஒட்டே இராது. அதே பிழை 85 மி.மீ. லென்ஸில் இருந்தால் ஃபோகஸ் 360 மீட்டருக்கு அப்பால் விழும், கோடுகளைப் பார்த்து யாருக்கும் தெரியாது. 18 போன்ற அகலமாகப் பார்க்கும் லென்ஸில்தான் மவுண்டின் பிழை கோடுகளில் வெளியே வரும். வாடகைக் கடைகளில் லென்ஸ் மெக்கானிக்குகள் மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் இந்தத் தூரத்தைச் சரிசெய்கிறார்கள். சாலிகிராமத்தில் ஒரு கடையில், நான் 50-ஐ மாட்டிச் சோதித்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்த மூத்த மெக்கானிக் சொன்னார்: "அதை அப்புறம் பாருங்க சார். 18-ஐ முதல்ல மாட்டுங்க. அதுல கோடு சரியா வந்துச்சுன்னா மவுண்டு சரியா இருக்குன்னு அர்த்தம்." அன்றிலிருந்து நான் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

சென்சார் அளவைப் பொறுத்தவரை ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ஒவ்வொரு லென்ஸும் பின்னால் ஒரு வட்ட வடிவப் படத்தை வீழ்த்துகிறது. சென்சாரின் மூலைவிட்டம் அந்த வட்டத்துக்குள் அடங்க வேண்டும். முழு ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ., மூலைவிட்டம் 43.3. சூப்பர் 35-க்கு ஏறக்குறைய 31 போதும். பெரிய வட்டத்து லென்ஸைச் சின்ன சென்சாரில் வைக்கலாம், சின்ன வட்டத்து லென்ஸைப் பெரிய சென்சாரில் வைத்தால் மூலைகள் கறுத்துவிடும். சூப்பர் 35-இல் 50 மி.மீ. பார்க்கும் அகலம், முழு ஃபிரேமில் 75 பார்க்கும் அகலத்துக்குச் சமம். ஆகவே முழு ஃபிரேமில் 35, 50, 85 வைத்துப் பழகியவர் சூப்பர் 35-க்கு வரும்போது 25, 35, 50 என்று ஒரு படி இறங்க வேண்டும். நாளைக்கு முழு ஃபிரேம் கேமரா வாங்கும் எண்ணம் இருந்தால், இன்றே பெரிய வட்டத்து லென்ஸ் வாங்குவது நல்லது.

கூர்மையைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறோம் என்பது என் எண்ணம். 4கே படத்தில் மொத்தப் புள்ளிகள் ஏறக்குறைய எண்பத்து மூன்று லட்சம், அதாவது சுமார் எட்டேகால் மெகாபிக்சல். இருபத்துநாலு மெகாபிக்சல் புகைப்படத்துக்குத் தாங்கும் சாதாரண லென்ஸ்கூட இதைத் தாண்டிவிடும். ஒளிப்பதிவாளர்கள் கூர்மையைக் குறைக்கவே லென்ஸின் முன்னால் மென்ஃபில்டர் போடுகிற காலம் இது. நான் பார்ப்பது முகம். பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முகத்தை வைத்து, வெளிச்சம் விழும் கன்னத்திலிருந்து நிழல் கன்னத்துக்கு எப்படி இறங்குகிறது, மாநிறத் தோலில் சிவப்பு கூடுகிறதா பச்சை ஏறுகிறதா, கண்ணில் விழும் விளக்கின் புள்ளி எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்கிறேன். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து குக் லென்ஸ்களுக்கு உலகெங்கும் இருக்கும் பெயர் இதனால் வந்தது. சற்று வெதுவெதுப்பான நிறம், தோலிடம் கருணையான தெளிவு. 1998-இல் வந்த அதன் எஸ்4 வரிசை இன்றும் வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே காட்சிக்குள் வேறு வேறு நிறுவன லென்ஸ்களைக் கலந்தால் நிறம் ஷாட்டுக்கு ஷாட் தாவும், படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்ட் மேசையில் அதைச் சமன்செய்யவே ஒரு நாள் போகும். ஐந்து வேறு வேறு நல்ல லென்ஸைவிட ஒரே குடும்பத்து மூன்று சுமாரான லென்ஸ் மேல்.

பணம் குறைவாக இருப்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. நிக்கானின் பழைய ஏ.ஐ-எஸ் போன்ற கையால் திருப்பும் லென்ஸ்களில் வளையம் நேராகக் கண்ணாடியை நகர்த்துகிறது, முனைகளில் முட்டி நிற்கிறது, துளை வளையமும் லென்ஸிலேயே இருக்கிறது. மெக்கானிக்கிடம் கொடுத்து அந்தக் கடகடப்பை எடுத்துவிட்டு, மேலே ஒரு பல்வளையம் மாட்டினால் பாதிச் சினிமா லென்ஸ் ஆகிவிடும். நிக்கானில் ஃபோகஸ் திரும்பும் திசை சினிமா லென்ஸுக்கு நேர்மாறு என்பதை மட்டும் ஃபோகஸ் பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப் 2, இன்னொரு நல்ல பொருள். ஸைஸின் பயோட்டார் என்ற பழைய லென்ஸைப் பார்த்துச் செய்தது. இலைகளுக்கு முன்னால் ஆளை நிறுத்தினால் பின்னணி சுழல்வதுபோல வரும். அதன் துளை வளையம் பிறவியிலேயே வழுக்கிக்கொண்டு போவது. கொரியாவின் சம்யாங் கொண்டுவந்த டி 1.5 வரிசை, பற்களோடும் டி எண்ணோடும் ஓரளவு கைக்கெட்டும் விலையில் வந்து, குறும்படம் எடுப்பவர்கள் பலருக்கு முதல் சினிமா லென்ஸ் ஆனது.

ஜூம் வேண்டுமென்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜூமை இழுத்த பின்னும் ஃபோகஸ் அதே தூரத்தில் நிற்கிறதா? புகைப்பட ஜூம்களில் பெரும்பாலானவை நிற்பதில்லை. சோனி ஈ மவுண்டுக்கு ஃபியூஜினான் 2017-இல் கொண்டுவந்த எம்.கே. 18-55, டி 2.9, நிற்கும்; எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, ஃபோகஸ் வளையம் 200 பாகை. சூப்பர் 35 வைத்திருக்கும் ஆவணப்படக்காரருக்கு நான் முதலில் சொல்லும் லென்ஸ் அது. 

மற்றபடி, வருடத்துக்கு இரண்டு மூன்று படம் செய்கிறவருக்கு வாடகைதான் நியாயம். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் நல்ல வரிசைகள் கிடைக்கின்றன. ஆனால் லென்ஸை ஷூட்டிங் காலையில் வாங்கிக்கொண்டு ஓடக்கூடாது. முந்தைய நாள் சொந்தக் கேமராவோடு கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். கேமரா உடலில் வட்டத்தின் நடுவே கோடு போட்ட ஒரு குறி இருக்கும். சென்சார் தளம் அங்கேதான். அளவு டேப்பை அந்தக் குறியிலிருந்து பிடியுங்கள், லென்ஸின் முன்விளிம்பிலிருந்து பிடிக்கக்கூடாது. சுவரில் செய்தித்தாள் ஒன்றை ஒட்டி, ஆறடியில் கேமராவை நிறுத்தி, துளையை முழுக்கத் திறந்து, எழுத்து தெளிவாகும்வரை திருப்பி, வளையத்தில் ஆறு என்ற கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 18-இல் தொடங்கி ஒவ்வொரு லென்ஸுக்கும். பிறகு இருட்டில் கைபேசி விளக்கைக் கண்ணாடிக்குள் அடித்து, கீறலும் பூஞ்சையும் இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் பூஞ்சை சகஜம். ஃபோகஸ் பார்க்கப்போகும் தம்பியையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். வளையம் எந்த இடத்தில் இறுகுகிறது, எந்த இடத்தில் தளர்கிறது என்பது அவன் விரலுக்குத்தான் தெரிய வேண்டும். மே மாத வெயிலில் எடுப்பதாக இருந்தால், லென்ஸ் நன்றாகச் சூடேறிய பின், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், அந்த 18-ஐ மட்டும் இன்னொரு தடவை டேப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.